எந்த ஊர், எந்தப் பக்கம்?

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து வீடு திரும்பும் இருபது நிமிடக் கார் பயணத்தில்தான் என் மகள் என்னோடு மனம் விட்டுப் பேசுவாள். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவளுக்கு அவள் அறை, எனக்கு என் மடிக்கணினி. 2023ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஒரு நாள் பின் இருக்கையிலிருந்து கேட்டாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

"அப்பா, புதுசா யார் வந்தாலும் நீங்க ஏன் எந்த ஊர்னு மூணு தடவை கேக்கறீங்க?"

மூன்று தடவையா? யோசித்துப் பார்த்தேன். அன்று காலை பள்ளிக்கு ஒரு புதிய குடும்பம் வந்திருந்தது. கணவன், மனைவி, என் மகள் வயதில் ஒரு பையன். காபி வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். "நீங்க எந்த ஊர்?" என்றேன். "தஞ்சாவூர்ப் பக்கம்" என்றார். நானும் கும்பகோணத்துக்காரன் என்பதால் உற்சாகமாகி, "தஞ்சாவூர்ல எங்க?" என்றேன். ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். எனக்குத் தெரிந்த கிராமம்தான். "அட, அங்க எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்றேன். அவர் ஒரு விநாடி தயங்கினார். "சின்ன வயசுலயே திருச்சிக்கு வந்துட்டோங்க" என்று சொல்லிவிட்டு, பையனைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் கேள்வி நட்பு. இரண்டாவது கேள்வி ஆர்வம். மூன்றாவது கேள்வி எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். நான் பிறந்தது அந்தக் கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்கக்கூடிய சாதி ஒன்றில். பதில் சொல்லத் தயங்க வேண்டிய நிலைமை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. எந்தத் தெரு என்று கேட்டபோது மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் என்ன எண்ணம் இருந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

"சும்மா தெரிஞ்சுக்கத்தாம்மா" என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகினேன்.

* * *

அவள் அந்தக் கேள்வியைக் கேட்ட காலம் அப்படிப்பட்டது. நாங்கள் வசிக்கும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இந்தியர்கள் கூடிய இடமெல்லாம் அப்போது ஒரே பேச்சுதான். 2023ல் கலிபோர்னியா மாநில செனட்டர் ஆயிஷா வஹாப், சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடை செய்யும் எஸ்.பி. 403 என்ற மசோதாவைக் கொண்டுவந்திருந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் அப்படியொரு தடையை நிறைவேற்றி, அமெரிக்காவில் அதைச் செய்த முதல் நகரம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு தன் பாகுபாடு எதிர்ப்புக் கொள்கையில் சாதி என்ற சொல்லைச் சேர்த்திருந்தது. மசோதா மாநிலத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. ஆனால் அக்டோபர் 2023ல் ஆளுநர் கேவின் நியூசம், ஏற்கெனவே உள்ள சட்டங்களே இந்தப் பாகுபாட்டைத் தடுக்கப் போதுமானவை என்று சொல்லித் தன் மறுப்பதிகாரத்தைப் பயன்படுத்தி அதை நிறுத்திவிட்டார்.

மசோதா சரியா தவறா என்று வழக்காடுவதற்காக இதை எழுதவில்லை. ஆதரித்தவர்களிடமும் எதிர்த்தவர்களிடமும் காரணங்கள் இருந்தன. பணியிடத்தில் தலித் பொறியாளர்கள் ஒதுக்கப்படுகிறார்கள், வாடகைக்கு வீடு தேடும்போது துருவிக் கேட்கப்படுகிறார்கள், சட்டத்தில் சொல் இருந்தால்தான் துணிந்து புகார் கொடுக்க முடியும் என்றார்கள் ஆதரித்தவர்கள். ஒரு சமூகத்தை மட்டும் தனியாகச் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிற சட்டம் இது, பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளைத்தான் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்றார்கள் எதிர்த்தவர்கள். ஆதரவுப் பக்கத்தில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் தேன்மொழி சௌந்தரராஜன், அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். இந்தியாவில் ஒரு நாள்கூடப் பள்ளிக்குப் போகாதவர்களுக்கும் சாதி ஒரு வாழ்க்கைப் பிரச்சினையாக இருக்கிறது என்பது அந்த ஆண்டுதான் எங்களில் பலருக்கு உறைத்தது.

அந்தக் கோடையில் ஒரு நண்பர் வீட்டு விருந்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுகிற வழக்கமான விருந்து. பேச்சு மசோதாவுக்கு வந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன், தான் சாக்ரமெண்டோவுக்குப் போய் மசோதாவை ஆதரித்துப் பேசப் போவதாகச் சொன்னான். அவன் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இத்தனை வருஷம் கஷ்டப்பட்டு நம்ம விழுமியங்களைச் சொல்லிக் கொடுத்து வளர்த்தேன். கடைசியில இந்த ஊர்க் காலேஜ் இவனை மாத்திடுச்சு" என்றார் எங்களைப் பார்த்து. பையன் குரலை உயர்த்தவில்லை. "நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தாம்ப்பா நான் சொல்றேன்" என்றான். யாரோ பாயசம் ஆறுகிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றினார்கள்.

அந்தப் பையன் சொன்னது எனக்கு முதலில் சாமர்த்தியமான பதிலாகத்தான் பட்டது. பிறகுதான் அது உண்மையான பதில் என்று தோன்றியது. புலம்பெயர்ந்த பெற்றோர்கள் கூடும் இடங்களில் "பிள்ளைகள் நம் விழுமியங்களை இழந்துகொண்டிருக்கிறார்கள்" என்ற கவலை தவறாமல் வருகிறது. அவர்கள் இழக்கிறார்களா, அல்லது நாம் கொடுத்ததாக நினைத்ததையும் நிஜமாகவே கொடுத்ததையும் வைத்துக்கொண்டு நம்மைப் பார்க்கிறார்களா என்பதுதான் என் கேள்வி.

* * *

முதலில் இழப்பு என்ற கவலையை எடுத்துக்கொள்வோம். இதைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் நம் அளவுக்குப் பயப்படவில்லை.

ஆண்ட்ரூ ஃபுலிக்னி என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1999ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, எங்கள் வளைகுடாப் பகுதியின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 800க்கும் மேற்பட்டவர்களிடம் செய்யப்பட்டது. பெற்றோருக்கு உதவுவது, அவர்களை மதிப்பது, பிற்காலத்தில் தாங்குவது ஆகியவை தம் கடமை என்று நினைக்கிறார்களா என்று கேட்டார்கள். ஆசிய, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் ஐரோப்பிய வம்சாவளிப் பிள்ளைகளைவிட இதைக் கூடுதலாகவே ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளிடமும் இது மங்கிவிடவில்லை. அதே ஃபுலிக்னி 2002ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், பள்ளிப் படிப்பு முடிந்து இளைஞர்களாகும்போது இந்தக் கடமை உணர்வு கூடுகிறது என்று கண்டார். பதினாறு வயதில் கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளையை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள் என்று பெற்றோருக்கு யாராவது இதை மொழிபெயர்த்துச் சொன்னால் புண்ணியம்.

ஜீன் ஃபின்னியும் சகாக்களும் 2000ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு மாயையை உடைக்கிறது. அமெரிக்காவில் வாழும் ஆர்மீனிய, வியட்நாமிய, மெக்சிகக் குடும்பங்களோடு, கறுப்பின, வெள்ளையினக் குடும்பங்களையும் சேர்த்து ஒப்பிட்டார்கள். குடும்பக் கடமையைப் பெற்றோர் ஓர் அளவு முக்கியம் என்றால் பிள்ளைகள் அதைவிடக் கொஞ்சம் குறைத்தே சொன்னார்கள். இந்த இடைவெளி எங்கிருந்தும் குடியேறி வராத குடும்பங்களிலும் இருந்தது. நம் பிள்ளை நம்மோடு மல்லுக்கு நிற்பதற்கெல்லாம் அமெரிக்காவைக் குற்றம் சொல்ல முடியாது. அதில் ஒரு பங்கு வயதுக்குரியது. கும்பகோணத்தில் வளர்ந்த நானும் பதினேழு வயதில் என் அப்பாவிடம் இரண்டு மாதம் பேசாமல் இருந்தவன்தான்.

பகிர்ந்துகொண்ட விழுமியங்கள் கண்முன்னே நிறையவே இருக்கின்றன. 1985ல் பாலு நடராஜன் என்ற சிறுவன் அமெரிக்காவின் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியில் வென்றான். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்திய வம்சாவளிப் பிள்ளை அவன். 2019ல் போட்டி நடத்தியவர்களிடம் கடினமான சொற்கள் தீர்ந்துபோய் எட்டுப் பேரைச் சேர்ந்து வென்றவர்களாக அறிவித்தபோது, அதில் ஏழு பேர் இந்திய வம்சாவளியினர். ஒரு தலைமுறைப் பெற்றோர், படிப்பே சொத்து என்று நம்பினார்கள். பிள்ளைகள் அந்த நம்பிக்கையை ராத்திரி பகலாகச் சுமந்தார்கள். இதைவிட முழுமையாக ஒரு விழுமியத்தைக் கைமாற்ற முடியாது.

* * *

இங்கேதான் நாம் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். படிப்பும் உழைப்பும் நம் பண்பாட்டின் விழுமியங்கள், அதனால்தான் நாம் இங்கே முன்னேறினோம் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். அது முழுக் கணக்கு இல்லை.

ஜெனிஃபர் லீ, மின் ஜோ என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 2015ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். ஆசிய அமெரிக்கர்களின் கல்வி வெற்றிக்குக் காரணம் பண்பாடு என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதை அலசும் புத்தகம். சில நாடுகளிலிருந்து வருகிறவர்கள், தாய்நாட்டின் சராசரியைவிடவும் அமெரிக்கச் சராசரியைவிடவும் அதிகம் படித்தவர்களாக இருக்கிறார்கள். வடிகட்டப்பட்டு வருகிறவர்களின் பிள்ளைகள் நன்றாகப் படிப்பதை ஒட்டுமொத்தப் பண்பாட்டின் பெருமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

இந்தியர்களைப் பொறுத்தவரை இந்த வடிகட்டல் அமெரிக்கத் தூதரக வாசலில் தொடங்கவில்லை. சஞ்சய் சக்ரவர்த்தி, தேவேஷ் கபூர், நிர்விகார் சிங் மூவரும் அமெரிக்க இந்தியர்களைப் பற்றி எழுதிய நூலில் இதை மூன்று கட்டங்களாகச் சொல்கிறார்கள். முதலில் இந்தியாவில் உயர்கல்வி எட்டும் தூரத்தில் இருந்த சாதிகளும் வர்க்கங்களும். பிறகு நுழைவுத் தேர்வுகள். கடைசியில் அமெரிக்காவின் விசா விதிகள். சென்னை ஐஐடியை மையமாக வைத்து அஜந்தா சுப்ரமணியன் 2019ல் எழுதிய நூல், சாதி தந்த அனுகூலம் எப்படித் தகுதி என்ற பெயரில் வெளியே வருகிறது என்று விரிவாகக் காட்டுகிறது. அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான் ராத்திரி இரண்டு மணி வரை படித்தவன், எனக்கு யாரும் எதுவும் தூக்கிக் கொடுக்கவில்லை என்ற கோபம். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் நான் படிக்க உட்கார்ந்தால் யாரும் என்னை எழுப்பி வேலைக்கு அனுப்பியதில்லை. என் அப்பா ஆசிரியர். அவருடைய அப்பா கணக்குப்பிள்ளை. எழுத்து எங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறைக்கு முன்பே வந்துவிட்டது.

இதையெல்லாம் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. "அப்பா கையில் இரண்டு பெட்டியோடு வந்தேன்" என்ற கதையை மட்டும் சொல்கிறோம். 2009ல் எம்.எஸ். படிக்க வந்த நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பெட்டி இரண்டுதான், உண்மை. ஆனால் பெட்டிக்குள் அடங்காமல் கூடவே வந்தவை நிறைய.

* * *

கூட வந்தவற்றில் சாதியும் ஒன்று. 2020 செப்டம்பரில் 1,200 இந்திய அமெரிக்கர்களிடம் எடுக்கப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகளைக் கார்னெகி நிறுவனம் 2021ல் வெளியிட்டது. அதில் இந்துக்களில் சுமார் பாதிப் பேர் தங்களுக்கு ஒரு சாதி அடையாளம் உண்டு என்று சொன்னார்கள். இந்தியாவில் பிறந்து வந்தவர்களிடம் இது கூடுதல், அமெரிக்காவில் பிறந்தவர்களிடம் குறைவு. குறைவு என்றாலும், இங்கே பிறந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்.

இந்த மூன்றில் ஒருவரைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் யாரும் சாதிச் சான்றிதழ் கேட்கவில்லை. தெருவில் யாரும் பாகுபடுத்திக் காட்டவில்லை. பெரும்பாலான வீடுகளில் பெற்றோரும் சாதியைப் பற்றி உட்கார வைத்துப் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். எங்கள் நண்பர்கள் வட்டத்தில் யாரைக் கேட்டாலும் "நாங்க வீட்டுல அதெல்லாம் பேசறதே இல்லை" என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அப்படியானால் யார் சொல்லிக் கொடுத்தது?

விழுமியங்கள் எப்படிக் கைமாறுகின்றன என்பதைப் பற்றி ஜோன் க்ரூசெக், ஜாக்குலின் குட்நவ் இருவரும் 1994ல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. குழந்தை வளர்ப்பு ஆய்வுகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. அவர்கள் இதை இரண்டு படிகளாகப் பிரிக்கிறார்கள். பெற்றோர் என்ன சொல்ல வருகிறார் என்பதைப் பிள்ளை சரியாகப் புரிந்துகொள்வது முதல் படி. புரிந்துகொண்டதை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்வது இரண்டாவது படி. நம் கவலை எல்லாம் இரண்டாவது படியைப் பற்றியே இருக்கிறது. பிள்ளை ஏற்கவில்லை, கேட்க மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறோம். முதல் படியில் நாம் என்ன அனுப்பினோம் என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த மென்பொருளுக்கும் ஆவணம் என்று ஒன்று உண்டு, நிரல் என்று ஒன்று உண்டு. இது என்ன செய்ய வேண்டும் என்று ஆவணம் சொல்லும். நிஜமாக என்ன செய்கிறது என்பது நிரலில் இருக்கும். புதிதாக வேலைக்குச் சேரும் பொறியாளர் முதல் நாள் ஆவணத்தைப் படிப்பார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அதன்பிறகு நிரலை மட்டும்தான் படிப்பார். பிள்ளைகளும் அப்படித்தான்.

என் மகள் அந்த ஆண்டுப் பள்ளி ஆண்டு விழாவில் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலை மேடையில் முழுதாகச் சொன்னாள். 192ஆவது பாடல், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்குக் கண்கள் கலங்கின. பாட்டியும் தாத்தாவும் வீடியோவில் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார்கள். அந்தப் பாடலை அவள் மனப்பாடம் செய்வதற்கு நான்தான் பொருள் சொல்லிக் கொடுத்தேன். அதே நான்தான் சில வாரங்கள் முன்பு காபி மேசைக்குப் பக்கத்தில் நின்று எந்தத் தெரு என்று கேட்டவன். பாடல் ஆவணம். தெரு நிரல். ஒன்பது வயதுக் குழந்தை இரண்டையும் படித்திருக்கிறாள்.

* * *

நான் அவள் வயதில் இருந்தபோது எங்கள் வீட்டுக் கொல்லைப்புறச் சுவரில் ஓர் அலுமினியத் தம்ளர் கவிழ்ந்திருக்கும். தேங்காய் பறிக்க வருகிறவருக்கு அதில்தான் காபி. குடித்துவிட்டு அவரே கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். எங்களுக்கெல்லாம் எவர்சில்வர். எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் அவர். அந்தத் தம்ளரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாரும் சொல்லாமலே எனக்கு எல்லாம் புரிந்திருந்தது. ஒருநாள் தண்ணீர் தாகத்துக்கு அந்தத் தம்ளரை எடுக்கப் போனவன், எடுக்காமல் உள்ளே ஓடி வந்தது ஞாபகம் இருக்கிறது.

நான் பார்த்தேன், புரிந்துகொண்டேன், கேட்கவில்லை. க்ரூசெக்கும் குட்நவ்வும் சொல்லும் இரண்டு படிகளையும் சத்தமில்லாமல் ஏறிவிட்டேன். என் மகள் முதல் படியில் நின்று கேள்வி கேட்டாள். விழுமியம் போய்விட்டது என்று நாம் வருத்தப்படுகிற இடம் பல வீடுகளில் இதுதான் என்று நினைக்கிறேன். நாம் சொன்னதை அவர்கள் சொன்ன பொருளிலேயே எடுத்துக்கொண்டு விட்டார்கள். எல்லோரும் சமம் என்றோம், நேர்மையாக இரு என்றோம், தப்பைக் கண்டால் சொல் என்றோம். அதையெல்லாம் மேடையோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்குச் சொல்ல மறந்துவிட்டோம்.

பிள்ளைகள் சொல்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. இங்கே வளரும் பிள்ளைகளுக்குச் சாதி என்பது பாடப் புத்தகத்தில் நாலு அடுக்குக் கோபுரப் படமாகத்தான் அறிமுகமாகிறது. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு அது எப்படி மாறும், யார் யாரை ஒடுக்கினார்கள், தமிழ்நாட்டில் ஒரு நூற்றாண்டாக அதை எதிர்த்து என்னென்ன நடந்தது, இட ஒதுக்கீடு எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்பதெல்லாம் அந்தப் படத்தில் இல்லை. தாத்தா பாட்டியை ஒரே வார்த்தையில் குற்றவாளியாக்கிவிடும் அவசரமும் அவர்களிடம் உண்டு. பள்ளியில் கேலிக்கு ஆளாவார்களோ என்ற பெற்றோரின் பயத்தையும் நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் இந்தக் குறைகளையெல்லாம் தீர்க்கக்கூடியவர்கள் நாம்தான். விவரம் நம்மிடம் இருக்கிறது. நாம் பேச மறுத்தால் அந்த இடத்தை அரைகுறைப் பாடமும் அரைகுறைக் கோபமும் நிரப்பும்.

அலெஹாந்த்ரோ போர்ட்டெஸ், ரூபன் ரும்பாட் இருவரும் 1992ல் தொடங்கிக் கலிபோர்னியாவின் சான் டியேகோவிலும் ஃப்ளோரிடாவின் தென்பகுதியிலும் குடியேறியவர்களின் பிள்ளைகள் 5,000க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆய்வு செய்தார்கள். பிள்ளைகள் வேகமாக மாறி, பெற்றோர் பின்தங்கி, நடுவில் பேச மொழியில்லாமல் போகும் குடும்பங்கள்தான் அதிகம் சிரமப்பட்டன. பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே திசையில் சேர்ந்து கற்றுக்கொண்ட குடும்பங்கள், பழைய மொழியை விடாமலே புதியதையும் ஏற்ற குடும்பங்கள், நன்றாக இருந்தன. தமிழ்ப் பள்ளிகளுக்காக நாம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல நியாயம் இல்லை. ஆனால் அந்தத் தமிழில் என்ன பேசப் போகிறோம்? ஆத்திசூடியும் பொங்கல் வாழ்த்தும் மட்டும்தான் என்றால், பிள்ளைகள் தங்கள் முக்கியமான கேள்விகளை ஆங்கிலத்தில் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்வார்கள்.

* * *

எல்லாவற்றையும் மகளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்ய எனக்கு மாதக்கணக்கில் ஆனது. மசோதா ரத்தான செய்தி வந்த அடுத்த ஞாயிறு, அதே கார் பயணத்தில் தம்ளர் கதையைச் சொன்னேன். மூன்றாவது கேள்வி எதற்கு என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா கெட்டவரா?"

"இல்லை."

"அப்ப ஏன்?"

எனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னேன். நல்லவர்களும் தங்களுக்கு வசதியாக இருக்கிற தப்பைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிடுவார்கள் என்றேன். "நீங்களும் அப்படித்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அன்று இரவு அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருக்கு அப்போது காலை. பேத்தி கேட்டதைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வெகுநேரம் சத்தமே இல்லை, லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "உங்க பாட்டி வெச்ச பழக்கம்டா அது. அவ போன பிறகும் தம்ளர் அங்கயேதான் இருந்துது. நான் எடுத்திருக்கலாம்" என்றார். அதன்பின் மழையைப் பற்றிப் பேசினார். முப்பத்தாறு வயது வரை என் அப்பாவிடமிருந்து நான் கேட்டறியாத வாக்கியம் அது. அதைக் கேட்டு வாங்கித் தந்தவள் தாத்தாவோடு அரைகுறைத் தமிழில் பேசும் என் மகள்.

அந்தப் புதிய குடும்பம் மூன்று, நான்கு வாரங்களுக்குப் பிறகு தமிழ்ப் பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தது. பள்ளிப் பட்டியலில் எண்ணைத் தேடி அவரை அழைத்தேன். அன்று நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. பையனுக்கு ஞாயித்துக்கிழமை சாக்கர் பிராக்டிஸ் வந்துடுச்சு, அதான்" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். அது நிஜமான காரணமா, எனக்காகச் சொன்ன காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மன்னிப்புக் கேட்டவனுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் கிடையாது. அந்தப் பையன் திரும்ப வரவில்லை. மகளின் வகுப்பில் அவளுக்கு அந்த வருடம் கிடைத்த ஒரே புது நண்பன் அவன்.

விருந்தில் பேசிய அந்தக் கல்லூரி மாணவன் சாக்ரமெண்டோவுக்குப் போய்விட்டு வந்தான். அவன் அப்பாவுக்கு அந்த மசோதாவில் இன்றும் உடன்பாடில்லை. ஆனால் பின்னர் ஒருநாள் என்னிடம், "பையன் பேசினதை வீடியோவில பார்த்தேன். நல்லாத்தான் பேசினான். எங்கப்பா பேசற மாதிரியே இருந்துது" என்றார். கருத்தில் எதிரெதிராக நின்றாலும், எழுந்து நின்று பேசுவது அந்தக் குடும்பத்தின் விழுமியம் என்பதை அப்பாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் கண்டுகொண்டார்கள் போலிருக்கிறது.

மகளுக்கு இப்போது கதவைச் சாத்திக்கொள்ளும் வயது வந்துகொண்டிருக்கிறது. கார் பயணம் மட்டும் தொடர்கிறது. அண்மையில் பள்ளிக்கு ஒரு புதிய குடும்பம் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் என்றார்கள். காபி மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம். பழக்கம் லேசில் விடுவதில்லை, அடுத்த கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகள் கொஞ்சம் தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்க்கிங் கிடைச்சுதா? ஞாயித்துக்கிழமை இங்க ரொம்பச் சிரமம்" என்றேன்.